விமானத் தபால் தந்த ஜே.ஆர்.டி. டாட்டா

அனகாபுத்தூரில் வாழும் நமக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமன்று. மீனம்பாக்கத்து ஓடுபாதை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஜெட் விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கிச் செல்லும்போது, வகுப்பில் ஆசிரியை சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தில் பாதி நம் காதில் விழாமற் போவதும் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இந்த ஜெட் எல்லாம் என்ன, அந்தக் காலத்தில் இரு இறக்கைகளிலும் விசிறி சுழல ஒரு டக்கோட்டா வரும், அதன் ஓசையே தனி என்று சொல்வார்கள். தறியில் அமர்ந்து மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்தவர்களும், குன்றத்தூர்ச் சாலையில் மாட்டு வண்டி ஓட்டியவர்களும் அண்ணாந்து பார்த்த விமானங்கள் அவை. அவர்களில் ஏறிப் பறந்தவர் அரிது. ஆயினும் அந்தக் காலத்தை நினைத்து அவர்கள் ஏங்குகிறார்கள்.

அந்த ஏக்கத்துக்கு உரிய காலம் முழுவதையும் தம் ஒரு வாழ்நாளுக்குள் கண்டவர் ஜே.ஆர்.டி. டாட்டா. விமானங்கள் மரச்சட்டமும் துணியுமாக இருந்தபோது அவர் சிறுவர். அவை ஒலியோடு போட்டியிடும் வேகத்தை எட்டியபோது முதியவர். அவருடைய தொழிற்சாலைகளைப் பற்றி மாணவியர் பாடநூல்களிலேயே படிக்கலாம். இரும்பையும் மோட்டாரையும் விட்டுவிட்டு, அவர் உள்ளம் எங்கே இருந்ததோ அங்கே நாம் செல்வோம்.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா, ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலைக்குக் கனவு கண்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் நெருங்கிய உறவினர், தொழிற்கூட்டாளி. தாய் சூசன் பிரியேர், பிரெஞ்சுப் பெண்மணி. ஆகவே குழந்தைக்கு முதலில் வாய்த்த மொழி பிரெஞ்சுதான். பிரான்சின் வடகரையில் ஹார்டெலோ என்னும் கடற்கரை ஊரில் அக்குடும்பத்துக்கு விடுமுறை இல்லம் ஒன்று இருந்தது. அதே கரையில் வீடு கட்டியிருந்தவர் லூயி பிளெரியோ. 1909-இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகத் தாண்டியவர் அவரே. பிளெரியோவின் மகனும் நம் ஜஹாங்கீரும் விளையாட்டுத் தோழர்கள். கடற்கரை மணலில் விமானம் வந்து இறங்குவதையும் எழும்புவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பதினைந்தாம் வயதில் விமானத்தில் ஏறும் வாய்ப்பும் கிடைத்தது. சில நிமிடப் பறத்தல்தான். இறங்கும்போது தாமும் விமானியாவதென்று அப்பிள்ளை முடிவு செய்துவிட்டான்.

அதற்கடுத்த ஆண்டுகள் இனியவையாக இல்லை. 1923-இல் தாயார் காலமானார். பிரெஞ்சுக் குடிமகன் என்ற முறையில் ஜஹாங்கீர் ஓராண்டு குதிரைப்படையில் பணி செய்தார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க வேண்டுமென்பது அவர் ஆசை. தந்தையோ தொழில் கற்க உடனே பம்பாய்க்கு வருமாறு அழைத்துவிட்டார். 1925-இன் இறுதியில் சம்பளமில்லாத பயிலுநராக டாட்டா நிறுவனத்தில் அவர் நுழைந்தார். மறு ஆண்டிலேயே தந்தையும் மறைந்தார். இருபத்திரண்டு வயது, தாய் தந்தை இல்லை, தம்பி தங்கையரின் பொறுப்பு, பழகாத நாடு. பட்டம் பெறாத குறை அவரைக் கடைசிவரை உறுத்தியது. இரவு நேரங்களில் தாமே நூல்களை வாங்கிப் படித்து அக்குறையை நிரப்பிக்கொண்டார்.

பம்பாயில் பறக்கும் சங்கம் தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவர் அவரே. 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் அவருக்கு விமானி உரிமம் வழங்கப்பட்டது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அது. அதன் எண் ஒன்று. பின்னாளில் எத்தனையோ பட்டங்களும் பரிசுகளும் வந்தன. அவற்றில் எதுவும் அந்தச் சிறு அட்டை தந்த மகிழ்ச்சியைத் தரவில்லை என்பது அவரை அறிந்தவர்களின் கூற்று.

அடுத்த ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் மாணவியர் விளையாட்டு மைதானத்தில் அடிக்கடி நினைத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். டாட்டா 1930 மே மாதம் கராச்சியிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையன் எதிர்த்திசையில் லண்டனிலிருந்து கராச்சி நோக்கி வந்துகொண்டிருந்தான். எகிப்தில் அபுக்கீர் என்னும் இடத்தில் இருவரும் சந்தித்தனர். பையனின் விமானத்துக்கு நல்ல ஸ்பார்க் பிளக் இல்லாமல் அவன் அங்கேயே தங்கிக் கிடந்தான். டாட்டாவிடம் உபரி இருந்தது. கொடுக்காமல் போயிருந்தால் பரிசு அநேகமாக அவருக்குத்தான். கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேரம் முந்திக் கராச்சியை அடைந்து பரிசை வென்றான். அந்தப் பையன்தான் பின்னாளில், 1960-இல், இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். இருவரும் ஆயுள் முழுவதும் நண்பர்களாக இருந்தார்கள்.

இனி நம் சென்னைக்கு வருவோம். இந்தப் பக்கத்துக்கும் ஆகாயத்துக்கும் பழைய உறவு உண்டு. சென்னையில் ஓட்டல் நடத்திய கார்சிகா தீவுக்காரர் டி ஆஞ்சலிஸ் 1910-இலேயே தாம் உருவாக்கிய விமானத்தை நம் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். ஆனால் அது வேடிக்கை. மக்களுக்குப் பயன்படும் விமானம் வர இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1929 முதல் ஆங்கிலேயரின் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சி வரை தபாலை விமானத்தில் கொண்டுவந்தது. அதற்கப்பால் தெற்கே வரும் கடிதங்கள் ரயிலேறின. நெவில் வின்சென்ட் என்ற விமானி இதைக் கவனித்தார். பிரிட்டிஷ் விமானப் படையில் விமானம் ஓட்டிவிட்டு, ஊர் ஊராகப் போய் மக்களை விமானத்தில் ஏற்றிக்காட்டிப் பிழைத்தவர் அவர். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரை தபால் விமானம் ஓட்டலாம் என்ற யோசனையுடன் அவர் டாட்டாவிடம் வந்தார். நிறுவனத் தலைவர் தோராப்ஜி டாட்டா தயங்கினார். பெரியவர்களைச் சம்மதிக்க வைத்து, அரசாங்கத்தின் அனுமதிக்கு மூன்று ஆண்டுகள் அலைந்து, இரண்டு லட்ச ரூபாய் முதலீட்டில் தொழில் தொடங்கிற்று. அரசு மானியம் ஒரு காசும் கிடையாது; சுமக்கும் தபாலின் எடைக்கு ஏற்ற கூலி மட்டுமே.

1932 அக்டோபர் 15, சனிக்கிழமை. கராச்சியின் டிரிக் ரோடு மைதானத்திலிருந்து காலை 6.35 மணிக்கு டாட்டா தாமே ஒரு புஸ் மாத் விமானத்தைக் கிளப்பினார். ஒற்றை இயந்திரம், ஒற்றை விசிறி, மணிக்கு நூறு மைல் வேகம். உள்ளே ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள தபால் மூட்டை. விமானத்தில் ரேடியோ இல்லை. வழிகாட்டும் கருவியும் இல்லை. கடற்கரையையும் ஆற்றையும் ரயில் பாதையையும் கண்ணால் பார்த்து வழி அறிய வேண்டும். ஆமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன! அந்த இரு வாகனங்களும் அருகருகே நின்ற காட்சியைச் சற்றே மனக்கண்ணில் பாருங்கள். பிற்பகல் 1.50-க்குப் பம்பாயின் ஜுஹு கரையில் அவர் இறங்கினார். அங்கே இன்னொரு புஸ் மாத்துடன் காத்திருந்த வின்சென்ட் சென்னைத் தபாலை வாங்கிக்கொண்டு பறந்தார். இரவு பெல்லாரியில் தங்கல். மறுநாள், அக்டோபர் 16, விமானத் தபால் சென்னை வந்து சேர்ந்தது.

ஏர் இந்தியாவின் வரலாறு எழுதுவோர் பலர் ஜுஹுவோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதித் தூரத்தைப் பறந்து நம்மிடம் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்த வின்சென்ட்டை மறந்துவிடுகிறார்கள். அது நியாயமன்று என்பது நம் எண்ணம். டாட்டா மறக்கவில்லை, இந்திய விமானப் போக்குவரத்துக்கு வித்திட்டவர் வின்சென்ட்டே என்று கடைசிவரை சொல்லிவந்தார். 1942-இல் போர்க்காலப் பணியாக இங்கிலாந்து சென்று திரும்பும் வழியில் வின்சென்ட் சென்ற விமானம் காணாமற்போயிற்று.

முதலாண்டில் அந்தச் சிறு விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன. பயணிகள் வெறும் 155 பேர். மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தால் உட்கார்ந்து வர வேண்டியதுதான். மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் சேறாகிவிடும். அப்போது நிலையத்தைப் புனேவுக்கு மாற்றுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைமேகம் கவிந்த நாட்களிலும் தபால் நேரத்துக்கு வந்தது. அதைக் கண்ட அரசாங்கத்தாரே தங்கள் அறிக்கையில் புகழ்ந்தனர். லாபம் 60,000 ரூபாய். 1938-இல் விமானங்கள் கொழும்பு வரை சென்றன. அதே ஆண்டில், முப்பத்து நான்காம் வயதில், டாட்டா முழுத் தொழிற்குழுமத்துக்கும் தலைவரானார்.

போர் முடிந்ததும் டக்கோட்டா யுகம் பிறந்தது. போரில் படைவீரரைச் சுமந்த விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. 1946-இல் டாட்டாவின் விமானப் பிரிவு ஏர் இந்தியா என்ற பெயரில் பொது நிறுவனமாயிற்று. தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக வணங்கும் மகாராஜா பொம்மை பிறந்ததும் அந்த ஆண்டுதான். டக்கோட்டாவுக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்கள், இருபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள். அறைக்குள் காற்றழுத்தம் காக்கும் வசதி இல்லாததால் அது பத்தாயிரம் அடிக்குக் கீழேயே பறக்கும். கீழே ஏரியும் கோபுரமும் களத்துமேடும் தெளிவாகத் தெரியும். பெரியவர்கள் ஏங்குவது இதற்காகத்தான். ஆனால் அதே உயரத்தில்தான் வெயில் காற்றும் மழைமேகமும் விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் தருவார்கள். வாந்திக்கு உறையும் வைத்திருப்பார்கள். அதை ஏக்கத்தோடு சொல்பவரை நாம் இதுவரை கண்டதில்லை!

1949 ஜனவரி முதல் இரவுத் தபால் விமானமும் பறந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நடுநிசியில் நாகபுரியில் கூடும். மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடியுமுன் தத்தம் ஊருக்குத் திரும்பும். மாலையில் மயிலாப்பூரில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கிடைத்தது! மக்களுக்கு இது பெரிய வரமாயிற்று. ஆனால் டாட்டா இத்திட்டத்தை எதிர்த்தார். இரவில் வழிகாட்டும் வசதிகள் போதா, அவசரம் வேண்டாம் என்பது அவர் வாதம். அமைச்சர் கித்வாய் ஏற்கவில்லை. வேறு நிறுவனத்தை வைத்துத் தொடங்கிவிட்டார். யார் சொன்னது சரி? இரவுத் தபால் பல்லாண்டு வெற்றியுடன் நடந்தது உண்மை. 1953 டிசம்பரில் நாகபுரியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய டக்கோட்டா விழுந்து விமானி ஒருவர் மட்டுமே தப்பியதும் உண்மை.

1948 ஜூன் 8-ஆம் நாள் இரவு பம்பாயில் ஒரு புதிய விமானம் நின்றது. நான்கு இயந்திரங்கள், மீன் போல் வளைந்த உடல், மூன்று செங்குத்து வால்கள் கொண்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். மலபார் இளவரசி என்பது அதன் பெயர். உள்ளே காற்றழுத்தம் உண்டு. ஆதலால் மேகங்களுக்கு மேலே பறக்கும். விடுதலை பெற்று ஓராண்டும் நிறையாத நாடு, தன் கொடியைத் தாங்கிய விமானத்தை லண்டனுக்கு அனுப்பிற்று. அரசும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கிய ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் பயணம் அது. பயணிகள் 35 பேர்; டாட்டாவும் அவர்களில் ஒருவர். கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி, குறித்த நேரம் தவறாமல் லண்டனை அடைந்தது. வழியெல்லாம் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

பொற்காலம் என்றால் இதுதான் என்பார்கள். கட்டணம் 1,720 ரூபாய் என்பதையும் உடன் சேர்த்துச் சொல்லவேண்டும். அக்காலத்தில் அது சாதாரணக் குடும்பம் கனவிலும் காணாத தொகை. அதே மலபார் இளவரசி 1950 நவம்பர் 3-ஆம் நாள் ஜெனீவாவில் இறங்கும் முன் மோன் பிளாங் பனிமலையில் மோதி அழிந்தது. இறந்தவர் 48 பேர். பயணிகள் பெரும்பாலும் கப்பலில் வேலைக்குச் சேரப் போன இந்திய மாலுமிகள். பனியாறு மெல்ல மெல்ல நகர்ந்து, பல ஆண்டுகள் கழித்து, அந்த விமானத்தின் துண்டுகளையும் சில கடிதங்களையும் மலையடிவாரத்தில் வெளியே தள்ளிற்று. வீடுகளில் காத்திருந்தவர்கள் அதற்குள் முதுமை எய்தியிருப்பார்கள்.

நம் மாணவியர் அறிய வேண்டிய ஒரு செய்தியை இங்கே இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறோம். அதே 1950-இல் சென்னை அரசு இங்கிலாந்தில் டோவ் என்னும் இரட்டை இயந்திர விமானம் வாங்கியது. அதை ஓட்டிக்கொண்டு வரச் சென்றவர்கள் விமானி சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். இருவரும் சேர்ந்து 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். அவ்வகை விமானத்துக்கு அது அரிய சாதனை. சமையலறைக்கு அப்பால் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்ட காலத்தில் நடந்தது இது.

1953 ஆகஸ்டு முதல் நாள் விமான நிறுவனங்கள் எல்லாம் அரசுடைமையாயின. தாம் பெற்று வளர்த்த குழந்தையைப் பிறர் வீட்டுக்குத் தத்துக் கொடுத்ததுபோல் டாட்டா வருந்தினார். முன்கூட்டித் தம்மைக் கலந்து பேசவில்லை என்ற மனத்தாங்கலும் இருந்தது. எனினும் பிரதமர் நேரு கேட்டுக்கொண்டதன் பேரில் ஏர் இந்தியாவின் தலைவராக இருக்க இசைந்தார். சம்பளம் எதுவும் பெறாமல் இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணியைச் செய்தார். தமக்குச் சொந்தமல்லாத ஒன்றுக்கு இத்தனை உழைத்தவரை நாம் எங்கே தேடுவது?

எப்படி உழைத்தார் என்பதுதான் சுவையானது. விமானத்தில் பயணியாக அமர்ந்து ஒவ்வொன்றையும் பார்ப்பார். இறங்கியதும் குறிப்பு எழுதி அனுப்புவார். திரைச்சீலை நிறம் மங்கியிருக்கிறது, தேநீரும் காப்பியும் ஒரே நிறமாக இருக்கின்றன, இருக்கை போதிய அளவு சாயவில்லை என்றெல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை விமான நிலையத்தில் ஏர் இந்தியாவின் மேஜையில் தூசி படிந்திருந்தது. துணி கேட்டு வாங்கித் தாமே துடைத்தார். அருகில் நின்ற அலுவலர்களுக்கு அதைவிடப் பெரிய கண்டனம் வேண்டியிருக்கவில்லை. நம் வீட்டுத் தாய்மார் விருந்தாளி வருமுன் திண்ணையை ஒருமுறை கண்ணால் அளப்பார்களே, அந்தக் கண் அவருக்கு இருந்தது.

1954-இல் சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் வந்தன. ஜான்சி ராணி என்று ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். பம்பாயிலிருந்து நம் சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பாதை திறந்தது. சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்களுக்குக் கப்பலில் நாட்கணக்கான கடல், விமானத்தில் ஒரு பகலோ ஓர் இரவோ என்றாயிற்று. ஆனால் 1960-இல் போயிங் 707 ஜெட் வந்ததும் விசிறியின் காலம் நீள்பாதைகளில் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் ஏர் இந்தியா முழுவதும் ஜெட்டுக்கு மாறிற்று. பழைய கான்ஸ்டலேஷன்கள் விமானப் படைக்குப் போயின. அவற்றை அவ்வளவு நேசித்த டாட்டாவே அவற்றுக்கு விடைகொடுத்தார். ஏக்கம் வேறு, பயணியின் வசதி வேறு என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை.

1978 பிப்ரவரியில் அன்றைய அரசு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. நேரில் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. செய்தி பிறர் வாய்வழி அவரை வந்தடைந்தது. நாடெங்கும் எழுந்த வருத்தம் சிறிதன்று. ஊழியர்களில் சிலர் பதவி விலகவும் துணிந்தனர்.

எழுபத்து மூன்று வயதில் இப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்ன செய்வார்? சாய்வு நாற்காலியில் அமர்ந்து பழங்கதை பேசுவார் என்று நினைப்போம். 1982 அக்டோபர் 15 வந்தது. முதல் தபால் விமானத்துக்கு ஐம்பதாவது ஆண்டு நிறைவு. புஸ் மாத்தின் உடன்பிறப்பைப் போன்ற லெப்பர்டு மாத் என்னும் பழைய விமானம் ஒன்றைப் புதுப்பித்திருந்தார்கள். எழுபத்தெட்டு வயதில், கராச்சியிலிருந்து தன்னந்தனியாக அதை ஓட்டிக்கொண்டு, ஆமதாபாத்தில் இறங்கி, ஜுஹுவுக்கு வந்து சேர்ந்தார். இடையே நாடு பிரிந்து, கராச்சி வேறு நாட்டு நகரமாகிவிட்டிருந்தது. அங்கிருந்து தபாலும் கொண்டுவந்தார். இளைஞர்கள் நம்பிக்கை இழந்து நிற்கிறார்களே என்ற கவலைதான் தம்மை அப்பயணத்துக்குத் தூண்டியதென்று பின்னர் தெரிவித்தார்.

1992-இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. 1993 நவம்பர் 29-ஆம் நாள், ஒருகாலத்தில் மலபார் இளவரசியில் வந்து இறங்கிய அதே ஜெனீவா நகரில், எண்பத்தொன்பதாம் வயதில் அவர் கண்மூடினார். பிறந்த பாரிஸிலேயே அடக்கம் நடந்தது.

அவர் தொடங்கி, அரசிடம் சென்ற ஏர் இந்தியா 2022 ஜனவரி 27-ஆம் நாள் மீண்டும் டாட்டா நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை.